பாவுக்கு அடியில் போன வண்டி

1. அரக்கு நிறக் கூரை

நான் தெருவில் மல்லாந்து கிடந்தேன். முகத்துக்கு மேலே இரண்டு முழ உயரத்தில் அரக்கு நிறப் பட்டு இழைகள், ஆயிரக்கணக்கில், தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கூரை மாதிரி நீண்டிருந்தன. பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் படுத்தபடியே கத்திக்கொண்டிருந்தது. முதுகெல்லாம் கஞ்சித் தண்ணீர். விலா எலும்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் எனக்கு வந்த யோசனை, கடையை மூடிவிட்டு எந்த ஊருக்குப் போகலாம் என்பதுதான்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. எழுபதுகளின் தொடக்கம். ஏழு வருடம் இன்னொருவர் பட்டறையில் ஸ்பேனர் பிடித்துவிட்டு, பெரிய காஞ்சிபுரத்தில் சொந்தமாக ஒரு மெக்கானிக் கடை போட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. தகரப் பலகையில் 'ஏகாம்பரம் ஆட்டோ ஒர்க்ஸ்' என்று எழுதி மாட்டியிருந்தேன். பெயிண்ட் காய்ந்திருந்தது. வாடிக்கையாளர்தான் வரவில்லை.

இன்றைக்குப் பட்டறைக்கு வரும் பையன்கள், "எந்த வண்டி சார் பெஸ்ட்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நான் எப்படிப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2. இரண்டு வண்டி, ஒரு வாக்கு

வெங்கடேசலு என்று ஒருவர். பட்டு நெசவில் மாஸ்டர் வீவர். பன்னிரண்டு தறி வைத்திருந்தார், அதில் ஒன்றில் தானே உட்கார்ந்து நெய்வார். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். நெய்த புடவைகளை வாரத்துக்கு ஒரு தரம் மெட்ராஸ் கடைக்கு எடுத்துக்கொண்டு போவார். பஸ்ஸில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் போய் வந்து அலுத்துவிட்டது அவருக்கு. தூரமும் போக வேண்டும், வேகமாகவும் போக வேண்டும், பின்னால் மூட்டையும் கட்ட வேண்டும். மோட்டார் சைக்கிள் வாங்குவது என்று முடிவு செய்தார்.

இரண்டு பழைய வண்டிகள் விலைக்கு வந்திருந்தன. கம்பெனிப் பெயர்களை எழுதப் போவதில்லை. ஒன்றைப் புகழ்ந்தால் மற்றதை ஓட்டிய கிழவர்கள் இந்த வயதிலும் கைத்தடியோடு சண்டைக்கு வருவார்கள். பெரிய வண்டி, சின்ன வண்டி என்றே வைத்துக்கொள்வோம்.

பெரிய வண்டி த்ரீ ஃபிஃப்டி, ஃபோர் ஸ்ட்ரோக். வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்திருந்த தணிகாசலத்துடையது. அவர் ஜீப் வாங்கிவிட்டதால் விற்கிறார். சின்ன வண்டி டூ ஃபிஃப்டி, டூ ஸ்ட்ரோக். சின்ன காஞ்சிபுரத்தில் கணக்கு வாத்தியார் ராகவன் சாருடையது. இரண்டாவது குழந்தை பிறந்தபோது பதிந்து வைத்த ஸ்கூட்டர், அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தது. அதனால் அவரும் விற்கிறார்.

வெங்கடேசலு என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டையும் ஓட்டிப் பார்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றார்.

"நீ கைகாட்ற வண்டிய வாங்கறேன்பா. எனக்கு இஞ்சின் தெரியாது. உனக்குப் பாவு தெரியாது. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாப்போம்."

அவர் போன பிறகு நான் தனியாகச் சிரித்துக்கொண்டேன். வெங்கடேசலு ஒருவர் சொன்னால் நெசவுத் தெருக்காரர்கள் அத்தனை பேரின் வண்டியும் என் கடைக்கு வரும். அவர் முகம் சுளித்தால் ஒரு சைக்கிள்கூட வராது. என் கடை நிற்குமா படுக்குமா என்பது இந்த ஒரு வாக்கில் இருந்தது. எனக்குத் தெரியாத வேலை இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

3. இழுப்பு

ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஆறு மணி. இரண்டு வண்டிகளையும் என் கடை வாசலுக்கு வரவழைத்துவிட்டேன். வெங்கடேசலுவையே பின் சீட்டில் ஏற்றினேன். நல்ல கனமான மனிதர். மடியில் மூட்டைக்குப் பதிலாக ஒரு தலையணை உறைக்குள் பித்தளைப் படிக்கற்களைப் போட்டுக் கொடுத்தேன். திருப்பதி உண்டியலுக்குப் போகிறவர் மாதிரி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் பெரிய வண்டி. அதைக் கிளப்புவதே ஒரு பூஜை. டிகம்ப்ரஸரைப் பிடித்து, ஆம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, அப்புறம் உடம்பு கனத்தையெல்லாம் போட்டு ஒரு மிதி. தப்பாக மிதித்தால் திருப்பி உதைக்கும். கிளம்பிவிட்டால் அப்புறம் கவலை இல்லை. வாலாஜாபாத் ரோட்டில் டாப் கியரில் போட்டுவிட்டு, மாட்டு வண்டிக்குப் பின்னால் நடை வேகத்துக்கு இறங்கி, கியரை மாற்றாமலே ஆக்சிலேட்டரை முறுக்கினேன். 'தட் தட் தட்' என்று ஒவ்வொரு அடியாக எண்ணி வைத்து இழுத்தது. பின்னால் ஆள் இருப்பதே தெரியவில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கவில்லை. ரோட்டில் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. வாலாஜாபாத் போய்த் திரும்பி வந்ததும் வெங்கடேசலு இறங்கி, ஊஞ்சலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது என்றார்.

அடுத்து சின்ன வண்டி. இதில் ஓர் அதிசயம் உண்டு. கிக்கரும் கியரும் ஒரே லிவர். உள்ளே அழுத்தி மடக்கினால் கிக்கர், உதைத்துக் கிளப்பிய பின் விட்டால் கியர். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், அளவு குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தனியாகப் போனால் குதிரைக்குட்டி. கிளட்ச்சை விட்டதும் துள்ளும். ஆனால் வெங்கடேசலுவும் படிக்கற்களும் ஏறியதும் ஏற்றத்தில் டாப் கியர் அழுதது. ஒரு கியர் இறக்கினேன், போதவில்லை, இன்னொன்றும் இறக்கினேன். இரண்டு சைலன்ஸரும் புகை விட்டன. இறக்கத்தில் வேறு ஒரு குறை. பெரிய வண்டி ஆக்சிலேட்டரை மூடினாலே இன்ஜின் பிடித்து வேகத்தைக் குறைக்கும். இது அப்படிப் பிடிக்காது, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

திரும்பி வந்து இறங்கிய வெங்கடேசலு தலையணை உறையை மோந்து பார்த்தார். தெருவில் பாவு இழைகளை நீட்டுகிற நாள், போய்ப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். ஒன்பது மணிக்கு எல்லோரும் அவர் வீட்டில் கூடுவது, நான் தீர்ப்பு சொல்வது என்று பேச்சு.

என் மனதில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. மெட்ராஸ் ரோட்டுக்குப் பெரிய வண்டிதான். ஆனாலும் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே, ஹேண்டிலிங்கையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அந்தத் தர்மம்தான் என்னைக் கவிழ்த்தது.

4. தெருமுனைக் கல்

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நெசவுத் தெருக்களில் பட்டுப் பாவை, அதாவது புடவையின் நீள வாட்டு இழைகளை, தறியில் ஏற்றுவதற்கு முன்னால் காலையில் தெருவோடு நீட்டிக் கட்டுவார்கள். இடுப்பு உயரத்துக்குக் கழிகள் கொடுத்து, கஞ்சி தெளித்து, அறுந்த இழையைப் பிணைத்து, காய்ந்ததும் சுற்றி எடுப்பார்கள். மூன்று புடவைக்கான பாவு ஒரே நீட்டாக நிற்கும். அது முடிகிற வரை அந்தத் தெருவில் வண்டி போகாது. தெருமுனையில் ஒரு கல்லை வைத்துவிட்டால் மாடுகூடத் திரும்பிப் போகும் என்பார்கள். வழக்கமாக எட்டு மணிக்குள் முடிந்து கல்லை எடுத்துவிடுவார்கள்.

ஹேண்டிலிங்கைப் பார்க்கக் கோயில் வீதியை விட்டுவிட்டுச் சந்துகளில் புகுந்தேன். முதலில் பெரிய வண்டி, அரை மணி நேரம். குறுகிய திருப்பத்தில் அதைத் திருப்புவது தூங்குகிற மாமனாரைப் புரட்டுவது போல. இரண்டு தரம் காலை ஊன்ற வேண்டியிருந்தது. அப்புறம் சின்ன வண்டிக்கு மாறினேன். அடடா, அது சொன்ன பேச்சைக் கேட்டது. உடம்பை லேசாகச் சாய்த்தால் போதும், சந்தில் மீன் மாதிரி திரும்பியது. எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

இங்கே கால் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் பெரிய வண்டிக்கு வலது காலில் கியர், இடது காலில் பிரேக். சின்ன வண்டிக்கு நேர் மாறாக இடது காலில் கியர், வலது காலில் பிரேக். எனக்கு இது தெரியாதா? கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் தெரிந்தது தலைக்குத்தான். அரை மணி நேரமாகப் பெரிய வண்டியை ஓட்டிய கால் அந்த நினைப்பிலேயே இருந்தது.

எட்டே கால் மணிக்கு வெங்கடேசலுவின் தெருமுனைக்கு வந்தேன். கல் இருந்தது. பார்த்தேன். மணி எட்டைத் தாண்டிவிட்டது, பாவைச் சுற்றிவிட்டுக் கல்லை எடுக்க மறந்துவிட்டார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அன்றைக்கு மேகமூட்டம், கஞ்சி காய நேரமாகும் என்று அந்தத் தெருவில் நாலு வயதுக் குழந்தைக்கும் தெரியும். நான் காலையிலிருந்து இன்ஜின் சத்தத்தைத்தான் கேட்டேன், வானத்தைப் பார்க்கவில்லை. கல்லையே ஒரு பரீட்சையாக எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றி வளைத்து, நல்ல வேகத்தில் தெருவுக்குள் நுழைந்தேன்.

எதிரே பாவு நின்றது.

5. எந்தக் கால்

இடது காலை ஓங்கி மிதித்தேன். அது கியர். அந்தச் சின்ன வண்டியில் கியர் லிவரை அழுத்தினாலே கிளட்ச் தானாக விட்டுவிடும். அதையும் பெரிய வசதி என்று காலையில் வெங்கடேசலுவிடம் புகழ்ந்திருந்தேன். லிவரை நான் விடாமல் அழுத்திக்கொண்டிருந்ததால் வண்டி கட்டறுத்துக்கொண்டு ஓடியது. இன்ஜின் சும்மா கத்தியது. கை முன் பிரேக்கைப் பிடித்தது. தரையெல்லாம் கஞ்சித் தண்ணீர். முன் சக்கரம் வழுக்கி, வண்டி இடது பக்கமாகப் படுத்து, நானும் அதுவும் ஒன்றாகப் பாவுக்கு அடியில் சறுக்கிப் போனோம்.

மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வண்டியை யாரோ அணைத்தார்கள். என்னைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். பாவு வேலையை நடத்திக்கொண்டிருந்தவர் ஜெயம்மா. அந்தத் தெருவில் எந்தப் பாவானாலும் அவர் சொல்கிற இடத்தில்தான் கழி நிற்கும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து, ஹேண்டில் பார் முனை கிழித்துக்கொண்டு போன ஓரத்தில் அறுந்த இழைகளை எண்ணிக்கொண்டிருந்தார். வெங்கடேசலு தெலுங்கில் ஒரு வாக்கியம் சொன்னார். எனக்குப் புரிந்தது. எழுத முடியாது. அது அவருடைய பாவு. வருகிற முகூர்த்தத்துக்கு மூன்று கல்யாணப் புடவை.

ஒன்பது மணிக்கு வரச் சொன்ன இரண்டு பேரும் முன்னதாகவே வந்திருந்தார்கள். தணிகாசலம் கீழே கிடந்த வண்டியைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "இந்த டூ ஸ்ட்ரோக் வண்டிங்களே இப்படித்தான்பா. பிரேக்கு புடிக்காது. ஆளு பொழச்சானே, அதச் சொல்லு."

தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. ஆமாம், பிரேக் பிடிக்கவில்லை, பாவம் மெக்கானிக், என்று நாலு பேர் சொன்னார்கள். ஒருவர் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தார். ராகவன் சார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, தன் வண்டியின் டாங்க்கில் ஒட்டியிருந்த கஞ்சியை மேல்துண்டால் துடைத்தார்.

"பத்து வருஷமா எனக்குப் பிடிச்சுதே, ஏகாம்பரம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு எங்கே தப்பியது என்று கேட்கிற மாதிரி இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் எனக்கு வசதியாகவே முடிந்திருக்கும். எப்படியும் பெரிய வண்டியைத்தான் சொல்லப் போகிறேன். தணிகாசலத்துக்குச் சந்தோஷம், கடைக்குப் பெயர் கெடாது. நஷ்டம் ராகவன் சார் ஒருவருக்குத்தான். பிரேக் பிடிக்காத வண்டி என்று பெயர் வாங்கிவிட்டால் அதைக் காயலான் கடைக்காரன்தான் கேட்பான். அவர் டாங்க்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"பிரேக்கு நல்லாத்தான் இருக்குது சார். நான்தான் காலு மாத்தி மிதிச்சுட்டேன். பெரிய வண்டி நெனப்புல கியரப் போய் மிதிச்சேன்."

தெரு முழுக்கச் சிரித்தது. மெக்கானிக்குக்கே பிரேக் எது என்று தெரியவில்லை என்று ஒரு கிழவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஜெயம்மா மட்டும் சிரிக்கவில்லை. எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அறுபத்து மூணு இழை. நாயன்மாருங்க கணக்கு."

நான் உதவிக்குக் கையை நீட்டினேன். கிரீஸ் கையோடு பாவைத் தொட்டால் கையிருக்காது என்றார். "உனக்கு ஒரு வேல கீது. போய்த் தெருமுனையில நில்லு. கல்லு உன் கண்ணுக்குத் தெரியலயாமே."

6. கல்லாக நின்றது

உச்சி வேளை வரை நான் அந்தத் தெருமுனையில் கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். சைக்கிளில் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். காரணம் கேட்டவர்களுக்கு உள்ளேயிருந்து பிள்ளைகள் கத்திச் சொன்னார்கள். சட்டையில் கஞ்சி காய்ந்து மொடமொடவென்று ஆகிவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு விறைப்பான சட்டை அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை. கடைப் பலகையைப் பழைய இரும்புக்குப் போட்டால் யார் எடுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பாவைச் சுற்றி எடுத்த பிறகு வெங்கடேசலு வந்தார். கையில் ஒரு டம்ளர் மோர். குடித்து முடிக்கிற வரை காத்திருந்துவிட்டு, தீர்ப்பு என்ன என்று கேட்டார். மெட்ராஸ் ரோட்டுக்குப் பெரிய வண்டிதான் அண்ணா என்று, இழுப்பு, நேராக நிற்பது, இன்ஜின் பிடிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். சின்ன வண்டியின் புகையையும் மறைக்கவில்லை. பொறுமையாகக் கேட்டார்.

"இப்ப நீ உழுந்தியே, அது பெரிய வண்டியா இருந்தா இன்னா ஆயிருக்கும்?"

நான் யோசித்தேன். அவ்வளவு கனம் அப்படிச் சுலபமாகப் படுத்திருக்காது. படுத்தாலும் சறுக்கியிருக்காது. உயரமான ஹேண்டில் பாரும் கிராஷ் கார்டும் கழிகளை வாரிக்கொண்டு போயிருக்கும். பாவு முழுக்கப் போயிருக்கும் என்று ஒப்புக்கொண்டேன்.

"மெட்ராஸுக்கு வாரத்துல ஒரு நாளு போறேன். மிச்ச நாளெல்லாம் பன்னெண்டு தறிக்கும் இந்தச் சந்துங்கள்ளதான பூந்து பூந்து வரணும். உழாத வண்டின்னு ஒண்ணு கீதாபா?"

இல்லை என்றேன்.

"அப்ப உழுந்தா கம்மியா அறுக்கற வண்டியப் பாத்துக் குடு."

சின்ன வண்டியையே வாங்கினார். எடுத்துப் போகும்போது பழுதுக்கு இனிமேல் என் கடைதான் என்றார். என்னால் நம்ப முடியவில்லை. காலை மாற்றி மிதித்தவனிடமா என்று கேட்டே விட்டேன். அப்போதுதான் அதைச் சொன்னார். அவர் பாவின் அந்தக் கோடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எல்லோரும் பாவைப் பார்த்தார்கள், அவர் என் காலைப் பார்த்தார்.

"தறியில உக்காந்தவன் கண்ணு காலுக்குத்தான் போவும். மிதி மாறினா புடவையில தெரிஞ்சிடும். நீ எந்தக் காலு மிதிச்சேன்னு அப்பவே பாத்துட்டேன். நீ இன்னா சொல்லப் போறேன்னுதான் பேசாத நின்னேன்."

பிரேக் பிடிக்கவில்லை என்று நான் தலையாட்டியிருந்தால் அன்றைக்கே என் கடை முடிந்திருக்கும், காரணமும் எனக்குத் தெரிந்திருக்காது.

7. வலது கால்

அந்த வண்டி பிறகு பல வருடம் ஓடியது. புடவையில் புகை வாசம் ஏறக் கூடாது என்று பின்னால் தகரப் பெட்டி ஒன்று அடித்துக் கொடுத்தேன். ஏற்றத்தில் அழத்தான் அழுதது. நெசவுத் தெரு வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. பலகையில் என்ன எழுதியிருந்தாலும் கடைக்குப் பெயர் 'காலு மாத்தி கடை' என்றுதான் ஆனது. நான் அதைத் திருத்தப் போகவில்லை. தணிகாசலம்கூட ஜீப்பை என்னிடம்தான் விட்டார்.

இப்போது எல்லா வண்டிக்கும் இடது காலில் கியர், வலது காலில் பிரேக் என்று ஒரே மாதிரி ஆகிவிட்டது. என் தப்பை இன்றைக்கு ஒருவர் செய்ய நினைத்தாலும் முடியாது. ஆனாலும் பிரேக் சரியில்லை என்று யாராவது வண்டியைக் கொண்டுவந்தால் நான் முதலில் அவர் காலைப் பார்ப்பேன், எந்தச் செருப்பு, எங்கே வைக்கிறார் என்று. அப்புறம்தான் டிரம்மைக் கழற்றுவேன். எந்த வண்டி நல்ல வண்டி என்று கேட்டால், எந்தத் தெருவில் ஓட்டப் போகிறாய், விழுந்தால் யார் மேல் விழுவாய் என்று திருப்பிக் கேட்பேன். பையன்களுக்கு எரிச்சல் வரும். வரட்டும். வண்டி மேல் பழி போடும் முன்னால் உன் காலைப் பார், எனக்குத் தெரிந்த தொழில் அவ்வளவுதான்.

நான் விழுந்ததற்கு அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணம். பக்கத்தில் மாகறல் ஊர்ப் பெண். அந்தப் பாவில் நெய்த மூன்றில், வெங்கடேசலு எனக்காக எடுத்து வைத்த ஒன்றைத்தான் என் மனைவி கட்டியிருந்தாள். அறுபத்து மூன்று முடிச்சு எங்கே இருக்கிறது என்று நான் எவ்வளவு தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆரத்தி எடுத்து, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வாம்மா என்று பெண்ணை அழைத்தார்கள். கூட்டத்திலிருந்து ஜெயம்மா குரல் வந்தது.

"அவ சரியா வெப்பா. பக்கத்துல நிக்கறானே, அவனுக்குச் சொல்லுங்க."

வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரும் என் காலைப் பார்த்தார்கள். நான் குனிந்து, இரண்டையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, வலது காலைத்தான் வைத்தேன்.